உதவிப் பயிற்சியாளராகப் போகும் மகனைத் தடுக்கலாமா?

கேள்வி:

நாங்கள் டெக்சஸில், டாலஸுக்கு வடக்கே வசிக்கிறோம். கணவருக்கு மென்பொருள் வேலை. ஒரே மகன் இந்த மே மாதம் புள்ளியியலில் பட்டம் முடிக்கிறான். பள்ளியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடினான். கல்லூரி அணியில் ஆடும் அளவுக்கு உடல்வாகு இல்லை. ஆனால் முதலாண்டிலிருந்தே அணியின் வீடியோ அறையில் மாணவ உதவியாளனாகப் பழியாய்க் கிடக்கிறான். இப்போது வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்று ‘கிராஜுவேட் அசிஸ்டண்ட்’ பயிற்சியாளராக அவனைக் கூப்பிடுகிறது. இரண்டு ஆண்டுகள், முதுகலைப் படிப்புக்குக் கட்டணம் இல்லை, கைக்கு வரும் தொகை வாடகைக்கே பற்றாது. ஒரு காப்பீட்டு நிறுவனம் நல்ல சம்பளத்தில் வேலை கொடுத்திருக்கிறது. அதை வேண்டாம் என்கிறான். என் கணவர் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மதுரையிலிருந்து என் அப்பா, “பி.டி. வாத்தியார் ஆவதற்கா பிள்ளையை அமெரிக்காவில் படிக்க வைத்தீர்கள்?” என்று கேட்கிறார். இது ஒரு தொழிலா? இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா? இன்னும் மூன்று வாரத்தில் பதில் சொல்ல வேண்டுமாம்.

– ஒரு தாய், டெக்சஸ்

பதில்:

அன்புள்ள சகோதரி,

அனுப்புங்கள். ஆனால் தம்பி யாருக்குக் கீழே வேலை செய்யப் போகிறார் என்பதை நன்றாக விசாரித்துவிட்டு அனுப்புங்கள். பல்கலைக்கழகம், கட்டணம், வாடகை எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர் யார், தம்பியைக் கூப்பிட்டவர் யார் என்ற விவரம் மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை. இந்தத் தொழிலில் மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

பல்கலைக்கழக விளையாட்டுத் துறையில் பயிற்சியாளர்களின் பணி ஒப்பந்தங்களைக் கவனிப்பது என் வேலை. அவர்கள் சேரும் நாளில் காப்பீட்டுப் படிவத்தை நிரப்பித் தருவதும், நீக்கப்படும் நாளில் சாவியைத் திரும்ப வாங்குவதும் எங்கள் பிரிவுதான். ஆகவே தொலைக்காட்சியில் தெரியாத பக்கத்தைப் பற்றி எனக்குச் சொல்ல முடியும்.

முதலில் உங்கள் அப்பாவின் கேள்வி. அவர் சொன்னதில் பாதி உண்மை. உதவிப் பயிற்சியாளர் என்பவர் அடிப்படையில் வாத்தியார்தான். ஒரு கல்லூரி ஃபுட்பால் அணியில் நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள் இருப்பார்கள். தலைமைப் பயிற்சியாளர் அத்தனை பேருக்கும் பாடம் நடத்துவதில்லை; அவருடைய நாள் நிர்வாகத்திலும், நன்கொடையாளர்களிடமும், பத்திரிகையாளர்களிடமும் கரைந்துவிடும். உண்மையான வகுப்பு சின்ன அறைகளில் நடக்கிறது. பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளுக்கு ஓர் அறை, ஓடும் வீரர்களுக்கு ஓர் அறை, பந்தைப் பிடிப்பவர்களுக்கு ஓர் அறை, முன்வரிசையில் மோதும் பெரிய உருவங்களுக்கு ஓர் அறை. தடுப்பு அணியிலும் இதே போலத்தான். ஒவ்வோர் அறைக்கும் ஓர் உதவிப் பயிற்சியாளர். அவர்களுக்கு மேலே தாக்குதலுக்கு ஒருவரும் தடுப்புக்கு ஒருவருமாக ஒருங்கிணைப்பாளர்கள். பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் பள்ளியை விட்டு வந்து, இருபத்திரண்டு வயதில் ஆளாகி வெளியேறும் வரை, அவனோடு அதிக நேரம் உட்கார்ந்திருப்பவர் அந்த அறையின் பயிற்சியாளர்தான். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். வாத்தியார் வேலையை மதிக்கிற ஊரிலிருந்து வந்தவர், அவருக்குப் புரியும்.

இனி தம்பி போகப்போகும் இடம். ‘ஜி.ஏ.’ என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் அந்தப் பதவி இந்தத் தொழிலின் வாசற்படி. அலபாமாவின் புகழ்பெற்ற தலைமைப் பயிற்சியாளராக இருந்த நிக் சேபன் 1973-இல் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜி.ஏ. ஆகத்தான் தொடங்கினார். மனைவியின் படிப்பு முடிய இன்னும் ஓராண்டு இருந்தது. அதுவரை அங்கேயே இருக்க வேண்டுமே என்று ஒப்புக்கொண்ட வேலை அது. பின்னாளில் ஏழு தேசியப் பட்டங்கள் வென்றார். ஜார்ஜியாவின் தலைமைப் பயிற்சியாளர் கர்பி ஸ்மார்ட்டும் ஃப்ளோரிடா ஸ்டேட்டில் ஜி.ஏ. ஆக இருந்தவர். இப்படிப் பட்டியல் போட்டுக்கொண்டே போகலாம். ஆனால் அந்த வாசற்படியைத் தாண்டாமலே திரும்பிப் போனவர்களின் பட்டியல் இதைவிட மிக நீளமானது; அதை யாரும் அச்சடிப்பதில்லை.

அந்த இரண்டு ஆண்டுகள் எப்படி இருக்கும் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் தம்பி இதை உங்களிடம் குறைத்துத்தான் சொல்லியிருப்பார். ஆட்டம் சனிக்கிழமை. ஞாயிறு காலையில் பயிற்சியாளர்கள் வருவதற்குள் முந்தைய நாள் ஆட்டத்தின் ஒவ்வொரு நகர்வும் வெட்டி, வரிசைப்படுத்தி, குறிப்பு எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். பிறகு அடுத்த எதிரணி. அவர்கள் கடைசியாக ஆடிய நான்கைந்து ஆட்டங்களை எடுத்து, பந்தை முன்னே நகர்த்தக் கிடைக்கும் முயற்சிகளில் அது எத்தனையாவது, இன்னும் எத்தனை கெஜம் தேவை, பந்து மைதானத்தின் எந்தப் பக்கம் இருந்தது, எந்த அணிவகுப்பில் நின்றார்கள், பிறகு என்ன செய்தார்கள் என்று வரிக்கு வரி பதிவு செய்ய வேண்டும். மூன்றாவது முயற்சியில் ஏழு கெஜத்துக்கு மேல் தேவைப்பட்டால் இந்தத் தடுப்பு ஒருங்கிணைப்பாளர் என்ன செய்வார்? கோல் கோட்டுக்கு இருபது கெஜத்துக்குள் வந்துவிட்டால் பழக்கத்தை மாற்றுவாரா? இதற்கான விடைகள் ஒருங்கிணைப்பாளரின் மேசைக்கு ஜி.ஏ.யின் கையிலிருந்துதான் போகின்றன. பெரும்பாலும் ஜி.ஏ. அடுத்த வார எதிரணியை முடித்துவிட்டு அதற்கும் அடுத்த வார எதிரணியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் களப் பயிற்சி. எதிரணியைப் போலவே ஆடிக் காட்டுவதற்கு ஆட்ட வாய்ப்பு குறைந்த வீரர்களைக் கொண்டு ஒரு ‘ஸ்கவுட் டீம்’ அமைப்பார்கள். அவர்கள் யார் எங்கே ஓட வேண்டும் என்று அட்டை அட்டையாக வரைந்து, பயிற்சியின்போது அவர்கள் முன்னால் பிடித்துக்காட்டி நடத்துவதும் ஜி.ஏ. வேலை. வீரர்களுக்கு வாரத்துக்கு 20 மணி நேரம்தான் என்று கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. விதி வைத்திருக்கிறது. பயிற்சியாளர்களுக்கு அப்படி ஒரு வரம்பும் இல்லை. இவற்றுக்கு நடுவில் முதுகலை வகுப்புகளுக்கும் போக வேண்டும். இளைஞர்கள் இந்தக் காலத்தில் எடை கூடி, தூக்கம் கெட்டு, கண் சிவந்து நடப்பதைப் பார்க்கிறேன். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆனால் உங்கள் மகனுக்கு ஒரு வசதி இருக்கிறது. மேலே நான் சொன்னது முழுக்கப் புள்ளியியல் வேலை. எந்தச் சூழ்நிலையில் எது நடக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிடத் தெரிந்த, அதோடு வீடியோவையும் படிக்கத் தெரிந்த பையன் இன்று எந்த அணிக்கும் தேவை. கல்லூரியில் ஆடவில்லை என்பதைப் பெரிய குறையாக நினைக்காதீர்கள். மைக் லீச் என்ற பயிற்சியாளர் கல்லூரி ஃபுட்பால் ஆடாதவர். பெப்பர்டைனில் சட்டப் பட்டம் வாங்கியவர். வக்கீலாகப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் 1987-இல் கலிஃபோர்னியாவில் கால் பாலி என்ற கல்லூரியில் சின்ன வேலையில் சேர்ந்தார். ஃபின்லாந்தில் ஒரு கிளப் அணிக்குக்கூடப் பயிற்சி கொடுத்தார். பிறகு அயோவா வெஸ்லியன், வால்டோஸ்டா ஸ்டேட், கென்டக்கி என்று ஹால் மம்மி என்ற ஒரே தலைமைப் பயிற்சியாளரோடு மூன்று கல்லூரிகள். 1999-இல் ஒக்லஹோமாவில் ஒருங்கிணைப்பாளர், 2000-இல் உங்கள் மாநிலத்து டெக்சஸ் டெக்கில் தலைமைப் பயிற்சியாளர். பந்தை எறிந்து ஆடும் இன்றைய கல்லூரி ஆட்டத்தின் போக்கையே மாற்றியவர்களில் அவரும் ஒருவர். இந்த வரலாற்றில் மம்மியின் பெயரைக் கவனியுங்கள். லீச் கல்லூரிகளைத் தேடிப் போகவில்லை. தன்னிடம் இருந்ததைப் புரிந்துகொண்ட ஒருவரோடு சேர்ந்து ஊர் ஊராக நடந்தார்.

சம்பளத்துக்கு வருகிறேன். ஜி.ஏ.யில் கிடைப்பது வயிற்றுப்பாட்டுக்குத்தான். அடுத்த படி ‘அனலிஸ்ட்’ அல்லது ‘குவாலிட்டி கன்ட்ரோல்’ என்று பெயர் கொண்ட வேலைகள். மேல்மட்ட அணிகளில் களத்தில் இறங்கிச் சொல்லிக்கொடுக்க 10 உதவிப் பயிற்சியாளர்கள்தான் என்று 2018 முதல் வரம்பு இருந்தது. அனலிஸ்டுகள் வீரர்களிடம் நேரடியாக ஒரு வார்த்தை ஆட்டநுணுக்கம் சொன்னாலும் விதிமீறல். 2024 ஜூனில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். வெளியூர் போய்ப் பள்ளி வீரர்களைச் சந்தித்து அழைக்கும் உரிமை மட்டும் தலைமைப் பயிற்சியாளரையும் சேர்த்து 11 பேருக்கு என்று இருக்கிறது. உங்கள் மகன் போன்றவர்களுக்கு இது நல்ல மாற்றம். முன்பெல்லாம் அனலிஸ்டாக ஆண்டுக்கணக்கில் ஒரு மூலையில் கணினியோடு இருந்துவிட்டு, “நீ எந்த அறைக்குப் பாடம் நடத்தியிருக்கிறாய்?” என்று கேட்டால் பதில் இல்லாமல் நிற்பார்கள். இப்போது அந்தப் படியிலேயே கற்பிக்கும் அனுபவம் கிடைக்கிறது.

அதன் பிறகு ஓர் அறையின் பொறுப்பு. சின்னக் கல்லூரிகளில் அதற்கு ஒரு பள்ளி ஆசிரியரின் சம்பளத்தை ஒட்டித்தான் இருக்கும். கீழ்மட்டமான மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் சிலவற்றில் பகுதிநேர வேலையாகவே வைத்திருக்கிறார்கள். பெரிய லீக் (‘கான்ஃபரன்ஸ்’) அணிகளில் சில லட்சம் டாலர்கள். உச்சியில் இருக்கும் ஒருங்கிணைப்பாளர்களுக்கு அதற்கும் மேல். 2025 தொடக்கத்தில் ஒஹையோ ஸ்டேட் தேசியப் பட்டம் வென்ற கையோடு அதன் தடுப்பு ஒருங்கிணைப்பாளர் ஜிம் நோல்ஸை பென் ஸ்டேட் அழைத்துக்கொண்டது. ஆண்டுக்கு சுமார் 31 லட்சம் டாலர் என்று செய்தி வந்தது. ஓர் உதவிப் பயிற்சியாளருக்கு இப்படிக் கொடுப்பது பத்தாண்டுகளுக்கு முன்பு நினைத்துப் பார்க்க முடியாத தொகை.

அந்தக் கதையின் மிச்சத்தையும் கேளுங்கள். பென் ஸ்டேட் அந்த ஆண்டு நாட்டின் தரவரிசையில் இரண்டாவது இடத்தில் வைக்கப்பட்டுப் பருவத்தைத் தொடங்கியது. முதல் மூன்று ஆட்டங்களில் வெற்றி. பிறகு ஒரெகன், யு.சி.எல்.ஏ., நார்த்வெஸ்டர்ன் என்று அடுத்தடுத்து மூன்று தோல்விகள். அக்டோபர் 12-ஆம் தேதி தலைமைப் பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் நீக்கப்பட்டார். மீதி ஆட்டங்களை உதவிப் பயிற்சியாளர் டெர்ரி ஸ்மித் பொறுப்பேற்று நடத்தினார். ஒன்பதே மாதத்தில் ஒரு கட்டடம் முழுவதும் இருந்த பயிற்சியாளர்களும், அவர்களுக்குக் கீழே இருந்த அனலிஸ்டுகளும், ஜி.ஏ.க்களும் அடுத்த ஆண்டு எங்கே இருப்போம் என்று தெரியாத நிலைக்கு வந்துவிட்டார்கள்.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான், சகோதரி. உதவிப் பயிற்சியாளரின் வேலை அவர் கையில் இல்லை. தன் அறையை எவ்வளவு நன்றாக நடத்தினாலும், தலைமைப் பயிற்சியாளர் போனால் அவரும் போக வேண்டியதுதான். புதிதாக வருகிறவர் தன் ஆட்களோடு வருவார். பருவத்தின் நடுவில் நீக்கம் நடந்தால் இன்னும் கொடுமை: மீதி வாரங்களுக்கு அதே அலுவலகத்தில், அதே வீரர்களுக்கு முன்னால் நின்று, இன்னும் சில நாளில் முடியப்போகும் வேலையை முழு மனதோடு செய்ய வேண்டும். பலர் செய்கிறார்கள். அந்தச் சமயத்தில் அவர்கள் மேல் எனக்கு வரும் மரியாதை வேறு எந்தத் தொழில்காரர்கள் மேலும் வந்ததில்லை.

ஒப்பந்தம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஒருங்கிணைப்பாளர்களுக்கு இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தம் கிடைக்கும். அறைப் பயிற்சியாளர்கள் பலருக்கு அதைவிடக் குறைவு. நீக்கினால் மீதிக் காலத்துக்குப் பணம் வரும். ஆனால் வேறு வேலை தேடிக்கொண்டே இருக்க வேண்டும், கிடைத்தால் புதிய சம்பளத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் தருவார்கள் என்ற நிபந்தனை பெரும்பாலும் உள்ளே இருக்கும். ஜி.ஏ.க்கு இந்தப் பாதுகாப்பெல்லாம் கிடையாது. தம்பியைக் கூப்பிட்டவர் நீக்கப்பட்டால் கட்டண விலக்கு தொடருமா, அந்தக் கல்வியாண்டு முடியும் வரையாவது தொடருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப் பேச்சை நம்பாதீர்கள். சொன்னவரே அன்றைக்கு அங்கே இருக்க மாட்டார்.

பிறகு குடும்பங்கள். நீக்கங்கள் பெரும்பாலும் நவம்பர் கடைசியில் நடக்கும். பள்ளி வீரர்கள் கல்லூரி அணிகளில் சேரக் கையெழுத்திடும் நாட்கள் டிசம்பர் முதல் வாரத்தில். அணி விட்டு அணி மாறும் வீரர்களுக்கான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் இப்போது ஜனவரி 2 முதல் 16 வரை. பயிற்சியாளர் சங்கத்தின் ஆண்டு மாநாடும் ஜனவரியில். அந்த மாநாட்டில் பாடங்கள் நடக்கும் அறைகளைவிட ஓட்டல் வரவேற்பறையில்தான் கூட்டம் அதிகம். வேலை இழந்தவர்கள் தெரிந்த முகம் தேடி நிற்பார்கள். ஆக, வேலை மாற்றம் எல்லாம் குழந்தைகளின் பள்ளி ஆண்டு நடுவில் இருக்கும்போது நடக்கிறது. அவர் புதிய ஊருக்கு மறுநாளே விமானம் ஏறிவிடுவார். வீட்டை விற்பது, சாமான் கட்டுவது, பிள்ளைகளுக்குச் சமாதானம் சொல்வது எல்லாம் மனைவியின் தலையில் விழும். தன் வேலையை விட்டுவிட்டு ஐந்தாறு ஊர் மாறிய பெண்கள் காப்பீட்டு விவரம் கேட்டு எங்களை அழைப்பார்கள். குரலில் கோபம் இருக்காது, களைப்பு இருக்கும். தம்பிக்குத் திருமணம் என்று வரும்போது இதை மறைக்காமல் பெண் வீட்டாரிடம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஏன் அனுப்பச் சொல்கிறேன்? இருபத்திரண்டு வயதில் இரண்டு ஆண்டு போட்டுப் பார்க்கலாம். முப்பத்தைந்தில், இரண்டு குழந்தைகளோடு, முடியாது. கையில் வீட்டுக் கடன் இல்லை, குடும்பம் இல்லை. 26 வயது வரை உங்கள் மருத்துவக் காப்பீட்டிலேயே அவர் இருக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்தச் செலவு மிச்சம். இரண்டு ஆண்டு கழித்து வேண்டாம் என்று திரும்பினாலும் கடன் இல்லாத முதுகலைப் பட்டம் இருக்கும். காப்பீட்டு நிறுவனங்கள் எங்கும் ஓடிவிடாது.

ஆனால் அந்தப் பட்டம் எதில் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். நேரம் இல்லை என்ற காரணத்தால் ஜி.ஏ.க்கள் பலர் எளிதான படிப்பாகப் பார்த்துச் சேர்ந்துவிடுகிறார்கள். தம்பி புள்ளியியலையோ தரவு அறிவியலையோ விடக்கூடாது. கடினமான பாடங்களை வசந்த காலத்துக்கும் கோடைக்கும் தள்ளிவைத்து, இலையுதிர் பருவத்தில் குறைந்த சுமையோடு ஓட்டலாம். துறை ஆலோசகரிடம் முன்கூட்டியே பேசினால் ஏற்பாடு செய்வார்கள். இந்தத் துறையே இப்போது கணக்கு தெரிந்தவர்களைத் தேடுகிறது. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துப் பணம் ஈட்டலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகமே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதலாண்டில் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஒரு பல்கலைக்கழகத்துக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. எந்த வீரருக்கு எவ்வளவு, போர்ட்டலில் வந்திருப்பவர்களில் யாரை எடுப்பது என்று பார்க்கத் தொழில்முறை அணிகளைப் போலப் பொது மேலாளர்களை வைக்கிறார்கள். 2024 நவம்பரில் ஸ்டான்ஃபோர்ட் தன் பழைய குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக்கை அந்தப் பொறுப்பில் அமர்த்தியது. பயிற்சியாளர் பாதை அடைத்துக்கொண்டாலும் பக்கத்தில் ஒரு கதவு இருக்கிறது. முன்பு அது இல்லை.

உங்கள் ஊர்ப் பள்ளிகளையும் மறக்காதீர்கள். டெக்சஸில் பள்ளி ஃபுட்பால் பயிற்சியாளர்கள் பொதுவாக அந்தப் பள்ளி மாவட்டத்தின் முழுநேர ஊழியர்கள். வகுப்பில் பாடம் நடத்துகிறவர்கள். கணக்கு ஆசிரியருக்கு எங்கும் தேவை உண்டு. டெக்சஸ் டெக்கின் இன்றைய தலைமைப் பயிற்சியாளர் ஜோயி மக்வயர், உங்களுக்கு ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் சீடர் ஹில் பள்ளியில் பல ஆண்டுகள் தலைமைப் பயிற்சியாளராக இருந்து மூன்று மாநிலப் பட்டங்கள் வென்ற பிறகு, 2017-இல் பேய்லரில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தவர். சான் அந்தோனியோவில் உள்ள யு.டி.எஸ்.ஏ. பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் ஜெஃப் டிரெய்லரும் கில்மர் என்ற சின்ன ஊர்ப் பள்ளியிலிருந்து வந்தவர்தான். நிலையான சம்பளம், ஓய்வூதியம், ஒரே ஊர். கல்லூரிக்குப் போகும் வழியும் அடைபடுவதில்லை. இரண்டு ஆண்டு முடிந்த பின் தம்பி இந்தப் பக்கம் திரும்பினால் அதைத் தோல்வியாக நினைக்காதீர்கள்.

தலைமைப் பயிற்சியாளர் எப்போது ஆவாய் என்று மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். நம் வீடுகளில் இந்தக் கேள்வி தானாக வந்துவிடும். 2025-இல் மேல்மட்டத்தில் 136 அணிகள். 136 நாற்காலிகள், அவ்வளவுதான். வர்ஜீனியா டெக்கில் பட் ஃபாஸ்டர் என்று ஒருவர் இருந்தார். தலைமைப் பயிற்சியாளர் ஃபிராங்க் பீமரோடு 1987-இல் அங்கே வந்தார். 1995-இல் தடுப்பு ஒருங்கிணைப்பாளர். 2019 பருவம் முடிந்து ஓய்வு பெறும் வரை அதே கல்லூரி. தலைமைப் பதவிக்குப் போகவே இல்லை. அவருடைய தடுப்பு வீரர்கள் உழைப்பின் அடையாளமாக ஒரு பழைய சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு வருவார்கள். நாட்டின் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கு 1996 முதல் வழங்கப்படும் பிராயில்ஸ் விருது 2006-இல் அவருக்குக் கிடைத்தது. பீமர் 2015-இல் ஓய்வு பெற்ற பிறகு வந்த புதிய தலைமைப் பயிற்சியாளரும் அவரை விடவில்லை. ஒரு மனிதனுக்கு இதைவிட நிறைவான தொழில்வாழ்க்கை என்ன வேண்டும்?

வேலை போனால் என்ன ஆகும் என்ற உங்கள் பயத்துக்கு டாபோ ஸ்வின்னி என்ற பயிற்சியாளரைப் பாருங்கள். அலபாமாவில் ஜி.ஏ.வாகத் தொடங்கி அறைப் பயிற்சியாளர் ஆனவர். 2000 பருவத்தோடு அங்கிருந்த குழு முழுவதும் வெளியேற்றப்பட்டது. இரண்டு ஆண்டுகள் பர்மிங்ஹாமில் வணிக வளாகங்களுக்குக் கடைகளை வாடகைக்குப் பிடித்துக்கொடுக்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தார். அலபாமா நாட்களில் அவரை அறிந்திருந்த டாமி பௌடன், தான் தலைமைப் பயிற்சியாளராக இருந்த கிளெம்சன் பல்கலைக்கழகத்துக்கு 2003-இல் கூப்பிட்டார். 2008 அக்டோபரில் பௌடன் விலகியபோது தலைமைப் பொறுப்பு ஸ்வின்னியிடம் வந்தது. 2016, 2018 பருவங்களில் தேசியப் பட்டம். நடுவில் அந்த இரண்டு ஆண்டுகளில் அவரை நினைவில் வைத்திருந்த ஒரு மனிதர் இருந்தார்.

ஆகவே இந்த மூன்று வாரத்தில் தம்பி செய்ய வேண்டியது, தன்னைக் கூப்பிட்டவரிடம் முன்பு ஜி.ஏ.வாக இருந்தவர்களில் இரண்டு மூன்று பேரைத் தொலைபேசியில் பிடிப்பது. இப்போது எங்கே இருக்கிறார்கள், வேலை வாங்க அவர் உதவினாரா, அறையில் பேச இடம் கொடுத்தாரா, அல்லது இரண்டு ஆண்டும் காபி வாங்க அனுப்பினாரா என்று கேட்கட்டும். தன் ஜி.ஏ.க்களை வளர்த்து அனுப்புகிறவர் எவர் என்பது இந்த வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால் தலைமைப் பயிற்சியாளரின் ஒப்பந்தம் பொது ஆவணம். எத்தனை ஆண்டு பாக்கி, நீக்கினால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது உள்ளூர்ச் செய்தித்தாளிலேயே வந்திருக்கும். கடந்த இரண்டு பருவம் தோல்வி, ஒப்பந்தம் முடியப் போகிறது என்றால் அந்த இடம் வேண்டாம், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றுதான் சொல்வேன். கட்டண விலக்கு வெளிமாநில மாணவருக்கான கூடுதல் கட்டணத்தையும் சேர்த்தா, இதர கட்டணங்களுக்கும் பொருந்துமா, கோடைக்கு உண்டா என்பதையும் கேட்க வேண்டும். இங்கேதான் குடும்பங்கள் சில ஆயிரம் டாலர்களுக்கு மாட்டிக்கொள்கின்றன.

கடைசியாக உங்கள் கணவர். அவர் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. எல்லாவற்றையும் விட்டு வந்தவர், பிள்ளைக்கு உறுதியான தரை வேண்டும் என்று நினைக்கிறார். விவாதம் செய்து அவரை மாற்ற முயல வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியை மடிக்கணினியோடு அப்பா பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். ஏதாவது ஓர் ஆட்டத்தில் பத்து நகர்வுகளை எடுத்து, எதிரணி ஏன் அப்படி நின்றது, அடுத்து என்ன வரும் என்று அவருக்குப் புரியும்படி அரை மணி நேரம் சொல்லிக்கொடுக்கட்டும். ஃபுட்பால் தெரியாத, பேச மனமில்லாத ஒருவருக்குப் பொறுமையாகக் கற்பிக்க முடிகிறதா என்பது அந்த வேலைக்கே ஒரு தேர்வு. தேறினால் உங்கள் கணவருக்கே தெரிந்துவிடும். தேறாவிட்டால் தம்பிக்கும் தெரிந்துவிடும்.

பல்கலைக்கழகம் அனுப்பும் நியமனக் கடிதம் வந்ததும், பெயர்களை மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துப் பார்த்து, எந்த வரியைத் திருத்தக் கேட்க வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.